லேண்ட்மாஸ்டரின் பின் சீட்டு

சென்றாயன் அந்தக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருக்கும். வெள்ளக்கடையைத் தாண்டி உள்ளே போனால், கவனிக்க ஆளில்லாமல் விட்டுப்போன ஒரு காப்பி எஸ்டேட். பங்களாவின் ஓடுகள் பாதி சரிந்து கிடந்தன. அதற்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பகல்தான். ஆனாலும் மூடுபனி வாசல் வரைக்கும் வந்து நின்றதால் உள்ளே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

நாற்றம்தான் முதலில் வந்தது.

எலி மூத்திரம், நனைந்த கோணி, துருப்பிடித்த இரும்பு. இந்த மூன்றும் அவருக்குப் பழக்கமானவை. நான்காவதாக ஒன்று இருந்தது. புளிப்பும் இனிப்புமாக, திரிந்துபோன பாலை வெயிலில் வைத்த மாதிரி. துண்டை எடுத்து மூக்கைக் கட்டிக்கொண்டார்.

பனிக்குள் மெதுவாக அந்தக் கார் தெரிந்தது. அம்பாசடருக்கு முந்தின லேண்ட்மாஸ்டர். நான்கு சக்கரமும் மண்ணில் புதைந்திருந்தன. தரைத்தகடு உளுத்துப்போய் அதன் வழியே செடி முளைத்திருந்தது.

சென்றாயனிடமும் அதே மாதிரி ஒரு லேண்ட்மாஸ்டர் இருந்தது. நாகலூரிலிருந்து ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் வாடகைக்கு ஓட்டுவார். ரிப்பேரும் அவரேதான். இந்த எண்பத்து நான்காம் வருஷத்தில் அந்த வண்டிக்குச் சாமான் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அவர் வண்டியின் பின் சீட்டில் ஸ்பிரிங் ஒடிந்து கம்பி மேலே துருத்திக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் கோணியை மடித்துப் போட்டு ஓட்டிவிடுவார். இப்போது முடியாது. மகள் ராஜேஸ்வரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை கால் கீழாக இருக்கிறது, வலி கண்டதும் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவு. கம்பி துருத்திய சீட்டில் அவளை எப்படிப் படுக்க வைப்பது?

எஸ்டேட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு முன்பே சமவெளிக்குப் போய்விட்டார். சென்றாயன் கேட்டனுப்பியதும், வேண்டியதைக் கழற்றிக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். காவலுக்கு இருந்தவர் காளியப்பன். எழுபதை நெருங்கிய மனிதர். வாசலுக்கு வெளியிலேயே குந்தி பீடி பிடித்தார். உள்ளே ஒரு அடி வைக்கவில்லை.

"வண்டிய முழுசா வேணாலும் கழட்டிக்கங்க," என்றார். "அந்தப் பின்னாடி சீட்டை மட்டும் உட்ருங்க."

"ஏனுங்க, நீங்க படுக்கறதுக்கு வெச்சிருக்கீங்களா?" என்றார் சென்றாயன்.

காளியப்பன் சிரிக்கவில்லை. "நொம்ப அழுக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அழுக்கு என்றால் சென்றாயனுக்கு உண்மையிலேயே ஆகாது. மலைப் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இருக்கிற பெரிய தொல்லை வாந்திதான். மற்ற டிரைவர்கள் எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள், ஜன்னல் பக்கம் உட்கார வைப்பார்கள். சென்றாயன் அப்படி இல்லை. பின்னால் ஒருவர் ஓங்கரித்தால் போதும், அந்த இடத்திலேயே நிறுத்தி "எறங்கு" என்பார். கைக்குழந்தைக்காரி என்றும் பார்க்க மாட்டார். பின்னால் வரும் பஸ்ஸில் வரட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாமி ஊர்வலத்துக்கு வண்டி கேட்டாலும் சாமிக்கு வாந்தி வருமா என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவார் என்று அவர் சம்சாரம் பூவாயி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

முதலில் கதவுக் கைப்பிடிகளைக் கழற்றினார். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு டைனமோவை எடுத்தார். முன் சீட்டில் துருப்பொடிதான் மிச்சம், தொட்டதும் உதிர்ந்தது. பின் சீட்டுக்கு வந்தார்.

வெள்ளைக் கவர் போட்டிருந்த சீட்டு. இப்போது காப்பிச் சக்கை நிறத்தில் இருந்தது. இடது பக்கம் மட்டும் கறுத்து, பெரிய வட்டமாக ஒரு கறை. விரலை வைத்துப் பார்த்தார்.

ஈரம்.

மேலே பார்த்தார். தகரத்தில் ஓட்டை இல்லை. வண்டியில் மற்ற எல்லா இடத்திலும் புழுதி காய்ந்து கிடந்தது.

விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு கவரைக் கிழித்தார். உள்ளே தேங்காய் நார் அடைத்திருப்பார்கள். கையை விட்டுப் பிடித்து இழுத்தார். வந்தது நார் இல்லை.

முடி. நீளமான பொம்பளை முடி. எண்ணெய்ப் பிசுக்கோடு, சடை சடையாக, ஸ்பிரிங்கைச் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. எலி எங்கிருந்தோ கொண்டுவந்து கூடு கட்டியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பிளேடால் அறுத்தார். முடிக்கு நடுவில் கொழகொழவென்று எதுவோ கையில் பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தார்.

அட்டைகள். கட்டைவிரல் தண்டிக்கு ஊதியிருந்தன. உதறிவிட்டுச் செருப்பால் மிதித்தார்.

சிவப்பாகத் தெறித்தது. புது ரத்தம்.

இருபது வருஷமாக யாரும் உட்காராத சீட்டில் இவை யாரைக் கடித்தன என்று அவர் மனது கேட்டது. வெளியே ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்தார். டிரைவராகி இத்தனை வருஷத்தில் அதுதான் அவருக்கு முதல் வாந்தி.

விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் திரும்ப உள்ளே வந்து பார்த்தபோது, முடியை அறுத்த இடத்தில் ஸ்பிரிங் பளபளவென்று இருந்தது. அந்த வண்டியிலேயே துருப்பிடிக்காத ஒரே இரும்பு அதுதான். மகளை நினைத்துக்கொண்டார். சட்டத்தோடு தூக்கி வந்துவிட்டார்.

மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் வைத்தார். ஏற்காடு கடைவீதியில் புது நார் வாங்கி அடைத்தார். பச்சை ரெக்சின் தைத்துப் போட்டார். புது போல்ட் போட்டு முடுக்கினார். ராஜேஸ்வரி உட்கார்ந்து பார்த்துவிட்டு, மெத்தை மாதிரி இருக்குதுப்பா என்றாள்.

மறுநாள் காலையில் இடது பக்கம் ஈரமாக இருந்தது.

பனியாக இருக்கும் என்று துடைத்தார். அடுத்த நாளும் இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினார். அப்போதும் இருந்தது. துடைத்த துணியை மோந்து பார்த்தார். அதே திரிந்த பால் நாற்றம். துணியைக் கிணற்றடியில் வீசிவிட்டு, கையைச் சாம்பல் போட்டுக் கழுவினார்.

ஆறாம் நாள் காலையில் ராஜேஸ்வரிக்கு வலி எடுத்தது. பூவாயி பின் சீட்டின் வலது ஓரத்தில் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கால் இடது பக்கம். ஏற்காட்டைத் தாண்டி வண்டி இறங்க ஆரம்பித்தது. இருபது, பத்தொன்பது, பதினெட்டு. மழை தூறியது. பின்னால் முனகல் மட்டும் கேட்டது.

பன்னிரண்டாவது வளைவில் பனிக்குடம் உடைந்தது.

நாற்றம் முன் சீட்டு வரைக்கும் வந்தது. பச்சை ரத்தம், புளித்த பால், எண்ணெய் முடி. சென்றாயன் துண்டால் மூக்கைப் பொத்தினார். பதினோராவது வளைவு. அவர் நினைக்கவே இல்லை. கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றது. வாய் தானாகத் திறந்தது. எத்தனையோ பேரிடம் சொன்ன அந்த ஒரே சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

சொந்த மகளிடம்.

"எறக்கி உட்றாதீங்கண்ணா."

குரல் மெதுவாகத்தான் வந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சுகிற குரல்.

சென்றாயனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. கியரைப் போட்டார்.

"எறக்க மாட்டேன் சாமி. இந்த வண்டிய உட்டு உன்ன எறக்கவே மாட்டேன். பேசாம ஒக்காரு."

பத்தாவது வளைவைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. ராஜேஸ்வரி அவரை அப்பா என்பாள். பூவாயி ஏனுங்க என்பாள்.

அண்ணா என்றது யார்?

அடிவாரம் வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்த ஆயா பெயர் ஜெயமேரி. ராஜேஸ்வரியை இறக்கிப் படுக்க வைத்து உள்ளே அனுப்பிவிட்டு, அந்தம்மா திரும்பி வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னொருத்தரும் நெறமாசந்தானுங்களே. ஏனுங்க அவங்கள எறக்கல? நனைஞ்சுபோய் ஒக்காந்திருக்காங்க."

சென்றாயன் பார்த்தார். சீட்டில் யாரும் இல்லை. இடது பக்கம் மட்டும் பச்சை ரெக்சின் குழிந்து, குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி இன்னும் கொஞ்சம் ஆழமானது.

அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். அன்றைக்கு மத்தியானமே சென்றாயன் மேலே ஏறிக் காளியப்பனைத் தேடிப் போனார்.

சீட்டில் நடந்ததைச் சொன்னார். காளியப்பன் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காரை அப்போது ஓட்டியது அவர்தான். எஸ்டேட் கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் குப்பாயி என்று ஒரு பெண், நிறைமாதம், வலி நிற்கவில்லை. முதலாளி சேலத்தில் ரயிலைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். போகிற வண்டிதானே என்று கெஞ்சிப் பின்னால் ஏற்றிவிட்டார்கள். பாதி வழியில் பனிக்குடம் உடைந்து வெள்ளைக் கவர் நனைந்துவிட்டது. முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு இறக்கச் சொன்னார். பதினோராவது வளைவில் கோணியை விரித்து அவளை உட்கார வைத்துவிட்டு, ரயிலுக்கு விட்டுவிட்டுத் திரும்பி வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி வந்தார் காளியப்பன்.

"ரெண்டு மணி நேரம் ஆயிப்போச்சுங்க. மழை வேற. நான் வந்து பாக்கறப்ப உசுரு இல்லீங்க. வயித்துல இருந்ததும் போயிருச்சு. மூஞ்சியே தெரியலீங்க. பூராம் அட்டை."

பீடி அணைந்துபோயிருந்தது. அவர் திரும்பப் பற்ற வைக்கவில்லை. அண்ணா, எறக்கி உட்றாதீங்கண்ணா என்று தன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், விரலைப் பிரித்துவிட்டு வந்தேன் என்றார். பிறகு சென்றாயனை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க அவளுக்கு ஏதாச்சும் வாக்குக் குடுத்தீங்களா?"

"எறக்கவே மாட்டேன்னு சொன்னேனுங்க."

காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

சீட்டைக் கழற்றிப் பள்ளத்தில் வீசிவிடலாம் என்று சென்றாயன் ஸ்பேனரை எடுத்தார். போட்டுப் பத்து நாள்கூட ஆகாத போல்ட். துருப்பிடித்து இரும்போடு இரும்பாக ஒட்டிப்போயிருந்தது. உளியால் அடித்தார். உளி முனை ஒடிந்தது. ரெக்சின் தையல் லேசாகப் பிரிந்திருந்த இடத்தில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே அவர் அடைத்த புது நார் வழவழவென்று எண்ணெயாக இருந்தது.

விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நகத்தில் நீளமாக ஒரு முடி சுற்றியிருந்தது.

பிள்ளையையும் தாயையும் அழைத்துப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாள் பெரிய முகூர்த்தம். கேட்ட வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன. தையல் ஆறாத உடம்பை பஸ்ஸில் ஏற்ற முடியாது. வேறு வழியில்லை. ராஜேஸ்வரியை முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். பிள்ளையை மடியில் வைத்தால் தையலில் இடிக்கிறது என்று அவள் பூவாயியிடம் கொடுத்துவிட்டாள். பூவாயி பின்னால் வலது ஓரம். இடது பக்கம் போகாதே என்று சென்றாயன் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அங்கேதான் ஈரமா இருக்குதே, நான் ஏன் போறேன் என்றாள் அவள்.

பத்து வளைவு ஒன்றும் ஆகவில்லை.

பதினொன்றில் பூவாயி வாயைப் பொத்தினாள். "ஏனுங்க, நிறுத்துங்க," என்றாள். இருபத்தைந்து வருஷமாக இந்தப் பாதையில் வருகிறவள், ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. சென்றாயன் நிறுத்த மனமில்லாமல் நிறுத்தினார். அவள் பிள்ளையைத் துணியோடு சீட்டில் கிடத்திவிட்டுக் கதவைத் திறந்து சாலையோரச் சுவரைப் பிடித்துக் குனிந்தாள். அவர் தண்ணீர்க் குப்பியோடு ஓடினார். தலையைப் பிடித்துக்கொண்டார்.

பின்னால் பிள்ளை வீறிட்டது.

பிறகு சட்டென்று அடங்கியது.

தூங்கிய பிள்ளையின் அடக்கம் இல்லை அது. சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது. பனியில், அந்த அமைதியில், அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

சென்றாயன் குப்பியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வலது பக்கம் கிடத்திய பிள்ளை இடது பக்கத்தில் கிடந்தது. குழிக்குள் பதவிசாக, யாரோ மடியில் சாய்த்து வைத்த மாதிரி. உதடு அசைந்துகொண்டிருந்தது. கடைவாயில் மஞ்சளாக, கெட்டியாக வழிந்தது. சீம்பால்.

வாரி எடுத்து விரலால் வழித்தார். அந்த நாற்றம்.

பூவாயி எட்டிப் பார்த்தாள். "நீ எப்பக் கண்ணு பால் குடுத்தே?"

"ஆஸ்பத்திரில குடுத்ததுதாம்மா," என்றாள் ராஜேஸ்வரி, திரும்ப முடியாமல்.

பூவாயி பிள்ளையை வாங்கி முந்தானையில் மூடிக்கொண்டு வலது ஓரத்தில் ஒடுங்கினாள். பிள்ளை அழுதது. முந்தானைக்குள்ளிருந்து முகத்தைத் திருப்பித் திருப்பி இடது பக்கம் வாயைக் கொண்டுபோனது.

சென்றாயன் ஏறிக் கதவைச் சாத்தினார். சாவியில் கை வைத்தார். திருப்ப முடியவில்லை.

பின்னால் இடது பக்க ஸ்பிரிங், ஒரு ஆள் வசதியாகச் சாய்ந்துகொண்ட மாதிரி, மெதுவாக முனகியது.

"போலாங்கண்ணா."