ஆனைப்பள்ளத்து மணியை இறக்கிய பாதை

"லாரி போகாத ரோட்டுல கேரவன் போவுமா?"

அடிவாரத்தில் எல்லோரும் கேட்டார்கள். ஜெசிந்தா ஜீப்பின் பின்னால் கேரவனைக் கோத்துக்கொண்டு மலையேறினாள்.

ஊர் ஊராகக் கண் பரிசோதனை முகாம்களுக்கு அவள் இழுத்துப் போகும் சின்ன கேரவன் அது. இரண்டே சக்கரம். உள்ளே இருந்த பெஞ்சுகளைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டாள். உடன் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவள் தம்பி டார்வின், மெக்கானிக். மற்றவர் சிங்கராயர், ஆனைப்பள்ளம் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்.

போன மழையில் ஆனைப்பள்ளத்தில் மலை சரிந்தது. வீடுகளும் கோயிலும் மண்ணுக்குள் போயின. பிழைத்தவர்கள் அடிவாரத்தில் குடியேறினார்கள். செத்தவர்களில் பலரை எடுக்கவே முடியவில்லை. சிங்கராயரின் மனைவி ரோசம்மாவும் அவர்களில் ஒருத்தி. செத்தவர் பெயரைச் சொல்லி மணியடித்து அனுப்புவது அந்த ஊர் வழக்கம். அடிக்கக் கோயில் மணி இல்லை. அதுவும் மண்ணுக்குள் கிடந்தது.

தேன் எடுக்கப் போனவர்கள் இப்போது செய்தி கொண்டுவந்தார்கள். ஓடையோரம் மணியைத் தொங்கவிடும் காது வெளியே தெரிகிறதாம்! அடுத்த மழை தொடங்கினால் ஓடை மணியை உருட்டிவிடும். பாதையும் மிஞ்சாது. மேகம் ஏற்கெனவே மலை உச்சியைத் தொட்டுவிட்டது.

மூவரும் மண்ணை வெட்டினார்கள். கை கொப்பளித்தது. பலாமரக் கிளையில் டார்வின் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டினான். சங்கிலி கிறீச்சிட, மணி சேற்றைக் கக்கிக்கொண்டு மேலே வந்தது. அதைக் கேரவனுக்குள் இறக்கி, இரும்புக் குழாய்கள் மேல் வைத்த பலகையில் படுக்கப் போட்டார்கள்.

"அச்சுக்குக் கொஞ்சம் முன்னால இருக்கணும் அண்ணாச்சி. இந்தா, இந்தக் கோட்டுல. இங்கயே ஆப்பு அடிச்சுக் கட்டிருங்க" என்று கேரவன் தரையில் கோடு கிழித்தாள் ஜெசிந்தா.

"நான் மணிகூட உள்ள உக்காந்து வாரேன். நாக்கப் புடிச்சுக்கணும். வழியில மணி பேசக் கூடாது பிள்ள. ஊருல தொங்கவிட்டு, பேர் சொல்லித்தான் மொத அடி" என்றார் சிங்கராயர்.

"இழுத்துட்டுப் போற கேரவனுக்குள்ள ஆள் ஏறவே கூடாது. நாக்குல சாக்கு சுத்துங்க."

"யெக்கா சொன்னா சொன்னதுதான். எனக்கே ஜீப்புல எடம் தர யோசிப்பா" என்றான் டார்வின்.

பாலம் தாங்குமா என்று பார்க்க அக்காவும் தம்பியும் நடந்து போனார்கள். திரும்பி வந்தபோது சிங்கராயர் கட்டி முடித்திருந்தார். ஜெசிந்தா கொக்கியைப் பார்த்தாள். கொக்கி விட்டாலும் கேரவனைப் பிடித்துவைக்கும் இரண்டு காப்புச் சங்கிலிகளும் குறுக்காகப் பூட்டியிருந்தன. ஜீப்பின் பின்புறம் அழுந்தவே இல்லை. நல்லது என்று நினைத்தாள். கேரவன் கதவைத் திறந்து பார்க்கவில்லை.

இரண்டாவது கியரில் இறங்கினார்கள். முதல் வளைவு தாண்டியது. பாலம் முனகியது, தாங்கியது. அதன் பிறகு நேரான இறக்கம்.

அங்கேதான் ஆட்டம் தொடங்கியது. முதலில் மெல்ல. பிறகு ஜீப்பின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குவதுபோல!

"பிரேக் புடி!" என்று கத்தினான் டார்வின்.

"வாய மூடுல!"

பிரேக்கை அழுத்தினால் கேரவன் ஜீப்பையே மடக்கிப் போட்டுவிடும். அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாள். வேகம் குறைந்தது, ஆட்டமும் குறைந்தது. ஆனால் பாதை அகலமில்லை. கேரவனின் இடது சக்கரம் ஓரத்து மண்ணை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியது. எல்லாம் நின்றது. ஜீப்பின் பின் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றன.

டார்வின் ஓடிப்போய் சக்கரங்களுக்குக் கல் வைத்தான். ஜெசிந்தா கேரவனின் முன் ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள். மணி பின்கதவை ஒட்டிக் கிடந்தது.

"அண்ணாச்சி, யாரு தள்ளுனது?"

"நான்தான்" என்றார் சிங்கராயர். "எங்கய்யா வண்டிக்காரரு. எறக்கத்துல முன்பாரம் வச்சா மாட்டுக்குக் கழுத்து அத்துப்போவும்பாரு. ஜீப்பு பாவம்னு கடப்பாரையால நெம்பிப் பின்னால வச்சேன்."

"ஜீப்புக்குக் கழுத்து இல்ல அண்ணாச்சி. பின்பாரம் இருந்தா வால் ஆடும்."

"நீ பாக்கலியாக்கா?" என்றான் டார்வின்.

"பாக்கல. அது என் தப்பு."

மண் இன்னும் கொஞ்சம் சரிந்தது. சிறு கற்கள் பள்ளத்தில் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"கழட்டி விட்ருங்க," என்றார் சிங்கராயர். "ஜீப்பையும் இழுத்துட்டுப் போயிரும். செத்தவங்களுக்காக இன்னும் ஆள் சாகண்டாம்."

ஜெசிந்தா காப்புச் சங்கிலியில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள். "மணிய ஒரு தடவ முன்னால இழுத்துப் பாப்போம். பாரம் முன்னால வந்தா ஜீப்பு சக்கரம் தரையில அழுந்தும். மண்ணு மறுபடி விட்டா கழட்டிருவேன்."

செயின் பிளாக்கை ஜீப்பின் பின் கொக்கியில் மாட்டினார்கள். மறுமுனையை ஜன்னல் வழியே மணியின் காதில் கோக்க ஓர் ஆள் உள்ளே போக வேண்டும். "என் முடிச்சு, நான்தான் அவுக்கணும்" என்றார் சிங்கராயர். அவர் இடுப்பில் கயிறு கட்டி மரத்தில் பூட்டினார்கள். அவர் ஜன்னலுக்குள் நுழைந்தார். தவழ்ந்துபோய்க் கொக்கியை மாட்டி, கட்டை அவிழ்த்து, ஆப்பைத் தட்டி எடுத்தார். ஆட்டத்தில் நாக்கின் சாக்கு அவிழ்ந்து கிடந்ததை அப்போதுதான் கண்டார். திரும்பச் சுற்ற நேரமில்லை.

"இழு!"

டார்வின் சங்கிலியை இழுத்தான். மணி ஒரு விரற்கடை முன்னால் வந்தது. நாக்கு விளிம்பில் மோதியது.

டங்!

டார்வின் இழுப்பதை நிறுத்தினான். ஓசை சரிந்த மலைமீது போய்ப் பட்டுத் திரும்பியது. வழியில் பேசக் கூடாத மணி பேசிவிட்டது.

"ரோசம்மா," என்றார் சிங்கராயர். பிறகு அதட்டினார்: "ஏன்டே நிப்பாட்டுத? இழு!"

டங்! "அந்தோணிமுத்து." டங்! "சவேரியாள்." ஒவ்வோர் இழுப்புக்கும் ஓர் அடி, ஒரு பெயர். டார்வினின் கண்ணில் வியர்வை இறங்கியது. ஜீப்பின் பின் சக்கரங்கள் தரையில் அழுந்தின. மணி கோட்டைத் தொட்டதும், "போதும்!" என்றாள் ஜெசிந்தா. அவளும் ஜன்னல் வழியே நுழைந்து, நாக்கில் சாக்கு சுற்றி, ஆப்படித்து, தானே முடிச்சுப் போட்டாள். சிங்கராயரும் வெளியே வந்த பிறகுதான் ஜீப்பைக் கிளப்பினாள். நான்கு சக்கரங்களும் மண்ணைக் கவ்வின. கேரவன் ஒரு குலுக்கலோடு பாதைக்கு ஏறியது!

அதன் பிறகு ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்து பார்த்தாள். டார்வின் கேலி பேசவில்லை. பார்க்காத கட்டு கட்டே இல்லை. அவ்வளவுதான் பாடம்.

அடிவாரத்தில் ஊரே பாதையில் நின்றது. ஆண்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டிருந்தார்கள். மணிச்சத்தம் அவர்களுக்குக் கேட்டிருந்தது. வழக்கம் மீறியதைப் பற்றி யாரும் பேசவில்லை. சேசம்மாள் என்ற பெண் மட்டும் முன்னால் வந்து சிங்கராயரின் சட்டையைப் பிடித்தாள்.

"அதுல எந்த அடி எம் மவனுக்கு?"

அவர் பொய் சொல்லவில்லை. "அவன் பேரு வரல தாயி. அதுக்குள்ள மணி எடத்துக்கு வந்துட்டு."

யாரும் சாப்பிடப் போகவில்லை. வேப்பமரத்தில் செயின் பிளாக்கை மாட்டி மணியைத் தூக்கினார்கள். முதல் தூறல் விழுந்தது. சேசம்மாள் கயிற்றை வாங்கினாள். மகன் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். இழுத்தாள்.