சர்க்கரை தூக்கலாய் ஒரு சதி

"ஐயோ... என்னங்க!"

அலறல் தெருமுனை வரை கேட்டது.

காபிக் கடை கவுன்டருக்குப் பக்கத்தில் பெரிய சகலை சுருண்டு கிடந்தார். கைகள் தொண்டையைப் பிடித்திருந்தன. வாயோரம் நுரை!

அக்கா, தங்கையைக் கட்டிய இருவர் கடல் கடந்து வந்து ஆரம்பித்த கடை. திறப்பு விழாவே இன்றுதான்!

ஆம்புலன்ஸில் ஏறும்போது பெரியவரின் மனைவி திரும்பினாள். கண்களில் தீ!

"அந்த ஓட்டை மெஷின் காபியைக் குடிச்சுத்தான் இப்படி ஆச்சு! வாங்கினது நீங்கதானே மாப்பிள்ளை!"

சின்ன சகலை மெஷினைத் திரும்பிப் பார்த்தான்.

போலீஸ் வந்தது. நல்லவேளை... பெண் அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"மெஷினைக் கடைசியா க்ளீன் பண்ணது யாரு?"

"நான்தான் மேடம். நேத்து சாயந்திரம். உள்ளே உப்பு படிஞ்சிருந்துச்சு... கரைக்கிறதுக்குப் பொடி போட்டேன்."

"ஆசிட் பொடியா?"

"ஆமா. ஆனா திரும்பத் திரும்ப அலசிட்டேன் மேடம்!"

அதிகாரி மெஷினின் தண்ணீர்த் தொட்டியை உருவினார். சோதனைக் காகிதத்தை நனைத்தார்.

காகிதம் சிவந்தது!

தொட்டியின் அடியில் இன்னும் கரையாத பொடி.

"அலசினதுக்கு அப்புறம் யாரோ கொட்டியிருக்காங்க. கடைச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்டயும்... அண்ணன்கிட்டயும்தான்."

"அவர்தான் ஆஸ்பத்திரியில கிடக்கிறாரே!"

அதிகாரி சின்ன சகலையை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்குள்ள சண்டையா?"

பதில் அவன் மனைவியிடமிருந்து வந்தது.

"மெஷினாலதான் மேடம். அக்கா வீட்டு மாமா புதுசு கேட்டார். இவர் ஓட்டல்ல ஓடின பழசை வாங்கினார். இதுக்குத்தான் இந்த ஊர்லயே ஸ்பேர் கிடைக்கும், ரிப்பேர்னு கடையை மூட வேண்டாம்னு..."

பேச்சு நின்றது. கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க... போடலைதானே?"

போலீஸ் கேட்டபோது வலிக்கவில்லை. இவள் கேட்டபோது வலித்தது.

ஆஸ்பத்திரி.

பெரிய சகலை கண் திறந்தார். அதிகாரி குனிந்தார்.

"கடை மெஷின்ல ஆசிட் கலந்திருக்காங்க. யார் மேல சந்தேகம்?"

அவர் விரல் சின்ன சகலையை நோக்கி நீண்டது.

"இவன்தான்! ஆனா... நான் கடைக் காபியைத் தொடவே இல்லையே! வீட்டு பிளாஸ்க் காபிதானே குடிச்சேன்?"

அவர் மனைவி கையைப் பிசைந்தாள்.

"வீட்ல கேஸ் தீர்ந்துபோச்சுங்க. நீங்க வாசல்ல போர்டு மாட்டிக்கிட்டிருந்தப்ப, நம்ம மெஷின்லயே புடிச்சு பிளாஸ்க்ல ஊத்திட்டேன். சொன்னா குடிக்க மாட்டீங்க... அதான் சர்க்கரையைத் தூக்கலாப் போட்டு..."

"அடிப்பாவி! அதுலயா புடிச்ச? அதுலதானே நான் பொடியை..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.



"ம்... நிறுத்தாதீங்க. சொல்லுங்க," என்றார் அதிகாரி.

"உசுரு போற அளவுக்கு ஆகும்னு நெனைக்கலை மேடம்... வர்றவங்க வாயில வெச்சதும் துப்பணும். அந்த மெஷின் தொலையணும். அவ்வளவுதான்..."

அவர் மனைவி கட்டிலை விட்டு ஓரடி விலகி நின்றாள். தங்கை தன் கணவனின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

சின்ன சகலை கட்டிலருகே குனிந்தான்.

"அண்ணே... என் மெஷின் காபியை ஒரு குறையும் சொல்லாம நீங்க ஒரே மடக்குல குடிச்சது இன்னிக்குத்தான். டேஸ்ட் எப்படி?"