கல் முத்தமிட்ட தோள்கள்

முழுநிலவு வெண்ணாற்றின் புதுவெள்ளத்தில் உருக்கிய வெள்ளியாய்ப் புரண்டுகொண்டிருந்த அந்தியில், வேங்கைக்கோட்டையின் கட்டி முடியாத மதிலடியில் கல் சுமப்போர் வட்டமாய் அமர்ந்து, ஓர் ஓலையை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள். நிலவை ரசிக்க அவர்களுக்கு ஏது நேரம், வாசகர்களே? விடிந்ததும் முரசறைந்து படிக்கவேண்டிய அரச ஓலை அது. கேட்டு மனம் பொங்கிக் கொற்றவை முன் நட்ட வாளைத் தொட்டவன், எதிர்க்கரைப் பகைவரைத் தாக்க ஓடமின்றி முதலாவதாக ஆற்றில் இறங்க வேண்டும். தொட்ட கை பின்வாங்கலாகாது. சென்ற கார்காலத்தில் அப்படித் தொட்டுவிட்டுப் போனவன், அவர்களோடு கல் சுமக்கும் எயினியின் தமையன்; இன்னும் கரையேறவில்லை.

முரசறையும் கோவனும் அவர்களோடு அங்கே எழுத்துக் கற்கும் மாணாக்கன்தான். காலையில் தடுமாறக் கூடாதென்று ஓலையை முன்னதாகவே கொண்டுவந்திருந்தான். அதைக் கண்டதும் ஆசிரியன் மருதன் முகம் வெளுத்ததை எயினி அப்போது பெரிதாக எண்ணவில்லை.

எந்த உரையானாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லித் தந்திருந்தவன் அவன்தான்: பேசுகிறவர் யார், நம்மிடம் என்ன வேண்டுகிறார், எதைச் சொல்லாமல் விட்டார்?

"ஓடத்தைப் பத்தி ஒரு வரியும் காணோமே, அரசரு மறந்துட்டாரோ?" என்றார் கிழவர் ஒருவர்.

"மறக்கலை அண்ணே, அதுல அவரு ஏறி உக்காந்துக்கிட்டாரு," என்றான் கோவன்.

சிரிப்பு அடங்குமுன் ஓலை எயினியின் கைக்கு வந்தது. 'கல் முத்தமிட்ட தோள்களை உடைய வீரர்காள்' என்று படித்தவள் நிமிர்ந்து மருதனைப் பார்த்தாள். தன் தோளில் காய்த்த தழும்பைக் கல் தந்த முத்தம் என்று தந்தை சொன்னதை, உலகில் ஒரே ஒரு காதில்தான் அவள் சொல்லியிருந்தாள். மனத்தையும் அன்றுதான் கொடுத்தாள்.

"முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, ஆசிரியரே. எழுந்து நின்று நீரே சொல்லும்."

மருதன் எழுந்தான். தான் அரசரின் திருமந்திர ஓலை எழுதுபவன் என்றும், அவர்கள் பேச்சைப் பொறுக்கி அவர்களுக்கே வலையாகப் பின்ன அனுப்பப்பட்டவன் என்றும் தலைகுனிந்து ஒப்புக்கொண்டான்.

"போன கார்காலத்து ஓலை?"

"அதுவும் என் கைதான்."

"பிறகு எதற்கு அந்த மூன்று கேள்விகள்?"

"உனக்குப் பொய்யைக் கற்பிக்க நா எழவில்லை, எயினி."

அவள் உடம்பெல்லாம் எரிந்தது. தழும்பின்மேல் கை வைத்தாள்.

"நாளை இந்த ஓலையை நான் படிப்பேன். வரிக்கு வரி மூன்று கேள்வியும் கேட்பேன். நீர் வாளருகே நின்று ஊரறிய விடை சொல்லும். என் அண்ணன்மேல் ஆணை, அதுவரை ஒரு கையும் அந்த வாளைத் தொடாது."

கோவன் முரசின் குறுந்தடியை அவளிடம் நீட்டினான்.