நான்கடி இடைவெளி

காலை ஆறரை மணிக்கு வெரோனிக்கா கொட்டிலுக்குள் நுழைந்ததும் சுவர்த்திரையைப் பார்த்தாள். எழுபத்திரண்டு சூட்டுப்பலகைகளுக்கும் பச்சைப் புள்ளி எரிந்தது. ஆடுகளும் குட்டிகளும் தத்தம் பலகையில் படுத்திருந்தன. பூமியைக் குளிர்விக்க வானில் தூவிய தூள் அளவு மீறிப்போனதிலிருந்து கொடைக்கானல் மலையில் ஆண்டுக்கு ஏழு மாதம் உறைபனி.

ஒன்பது வருடங்களுக்கு முன் இங்கே சூட்டு விளக்குகள் தொங்கின. ஒன்று அறுந்து வைக்கோலில் விழுந்து நாற்பது ஆடுகள் கருகின. தப்பியவை மிரண்டு ஒரே மூலையில் குவிந்ததில், அடியில் சிக்கிய குட்டிகள் மூச்சுமுட்டிச் செத்தன. அதற்குப் பிறகு இந்த ஏற்பாட்டை வரைந்து கொடுத்தவள் வெரோனிக்காதான். தீப்பிடிக்காத பலகை, ஆட்டுக்கு ஒன்று. நடுவே நான்கடி இடைவெளி. காதில் மாட்டிய வில்லையை அடையாளம் கண்டு, உரிய ஆட்டுக்கு மட்டும் பலகை சூடேறும். பிறந்த குட்டியை இரண்டு நாள் சூட்டுப்பெட்டியில் வைத்து, மூன்றாம் நாளே அதற்கும் வில்லை மாட்டிவிடுவார்கள். பால் குடித்து முடித்ததும் அது தன் பலகைக்குப் போய்விடும். மலை முழுக்க இதுவே சட்டமாயிற்று.

அன்று ஏழு மணிக்குத் திரை அணைந்தது. பனிப்பாரம் தாங்காமல் மின்கம்பி அறுந்திருந்தது. மாற்று மின்கலம் ஒரு மணி நேரம்தான் தாங்கியது.

"எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துருவோம்க்கா. ஒட்டி நின்னா உடம்புச் சூடே போதும்" என்றான் மின்பணியாள் காசிராஜன்.

இருவரும் ஆடுகளை மூலைக்குத் தள்ளினார்கள். கையை எடுத்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி, சில்லிட்ட தன் பலகையில் போய் நின்றன. படல் வைத்து மறித்தார்கள், தாவிக் குதித்தன. தாய்கள் நின்ற இடத்திலிருந்தே கத்தின. குட்டிகளும் பதிலுக்குக் கத்தின. நான்கடியைத் தாண்ட ஒன்றுக்கும் தோன்றவில்லை.

நண்பகலில் மின்சாரம் வந்தபோது பத்தொன்பது குட்டிகள் விறைத்துக் கிடந்தன. அவற்றின் அடியில் பலகைகள் மெல்லச் சூடேறின.

"நீங்க காப்பாத்தணும்னுதானே செஞ்சீங்க" என்றான் காசிராஜன்.

"நெருப்புலேருந்து காப்பாத்தினேன் காசி. ஒட்டிப் படுக்கிறதை மறக்கடிச்சதும் நான்தான்."

பத்து நாள் கழித்து ஓர் ஆடு ஈன்றது. மூன்றாம் நாள் காசிராஜன் வில்லையோடு வந்தான். வெரோனிக்கா வேண்டாமென்று தலையசைத்தாள்.

"பலகை சூடாகாதேக்கா."

"தாய்கிட்டப் படுக்கட்டும்."

குட்டி தட்டுத்தடுமாறிப் போய்த் தாயின் வயிற்றில் சாய்ந்தது. தாய் எழுந்து, அதற்கு இடம்விட்டு விலகி நின்றது. வெரோனிக்கா மண்டியிட்டுத் தாயை அணைத்துப் படுக்க வைத்தாள். குட்டி மறுபடி வந்து ஒண்டிக்கொண்டது. மூன்று உடம்பின் சூடும் ஒன்றாகிக் குட்டியின் நடுக்கம் நிற்கும்வரை அவள் அசையவில்லை.

பிறகு மெதுவாகக் கையை எடுத்தாள். தாய் எழுந்து விலகிப் போனது.