ஒன்பதாவது சுற்று

பூங்கா திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ராட்டினக்காரர் மரக்குதிரைகளின் முதுகில் தேங்கிய மழைநீரைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, கம்பி வேலிக்கு அப்பால் ஒரு பெண் வந்து நின்றாள். வாயில் காவலாளி எப்படி உள்ளே விட்டான் என்று கேட்க நினைத்தவர், முகத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

மேனேஜரம்மாவின் அம்மா.

அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவர் அவரே. ஏழு வயதுச் சிறுமி, ஆட்டிசம் உள்ளவள், சனிக்கிழமை தவறாமல் வருவாள். பன்னிரண்டு குதிரைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகே, காது உடைந்த பழுப்புக் குதிரையில் ஏறுவாள். பேச்சு அரிது. மோட்டார் முனகத் தொடங்கியதும் அதே சுருதியில் அவளும் முனகுவாள். எது இயந்திரம், எது குழந்தை என்று பிரித்தறிய இயலாது.

"எங்கம்மா நம்ம மேனேஜரம்மா? நாலு மாசமா செக்கிங்குக்கே வரலையே!"

"போயிட்டாண்ணே. கடைசியா இங்க வந்தோமே, அதுக்கு ஆறாம் நாள். மூளைக் காய்ச்சல்."

அவர் துணியைக் கீழே வைத்தார்.

அந்தக் கடைசி நாள் அவருக்கு நினைவிருந்தது. விடுமுறைக் கூட்டம். கட்டணப் பலகையில் எழுதியிருந்தது ஒன்பது சுற்று. வரிசையைக் குறைக்க அவர் எட்டிலேயே நிறுத்தினார். கூட்ட நாளில் எல்லா ராட்டினக்காரரும் செய்வதுதான், எவரும் சுற்றுகளை எண்ணியதில்லை. அவள் எண்ணியிருந்தாள். பலகை ஒன்பது என்றால் அவளுக்கு ஒன்பதுதான். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தவளை, வரிசை முணுமுணுக்க, தாய்தான் பிய்த்தெடுத்துத் தூக்கிப் போனாள்.

"'அடுத்த வாரம் வந்து மிச்சத்தைச் சுத்தலாம்'னு சத்தியம் பண்ணினேன்." அவள் குரல் தாழ்ந்தது. "இப்போ தினமும் அந்த முனகல் கேக்குது. அவ கட்டில்லேருந்து. எட்டுச் சுத்து ஓடுற நேரம் கேக்கும், நின்னுடும். திரும்ப முதல்லேருந்து. அந்த ஒரு சுத்தைக் கொடுத்துட்டா பிள்ளை நிம்மதியாப் போயிடுவாண்ணே."

அவர் மறுக்கவில்லை. மறுக்கும் தகுதி தமக்கு இல்லை என்பதை அறிந்திருந்தார்.

அவள் மேடையேறிப் பழுப்புக் குதிரையின் அருகில் நின்றாள். சேணம் காலியாக இருந்தது. அவர் பரிசோதனை வேகத்தில் கைப்பிடியைத் தள்ளினார். ராட்டினம் நத்தையாய் நகர்ந்தது.

முனகல் எழுந்தது.

மோட்டாரின் முனகல்தான்.

அதனுள் இன்னொன்றும் இருந்தது.

ஈரப் பெயின்டும் கிரீசும் கலந்த நெடிக்கு நடுவே, காய்ச்சலில் வியர்த்த குழந்தையின் தலைமுடி வாசம் வந்து போயிற்று. கால் வைப்பதற்கான இரும்பு வளையம், பாதம் ஒன்று நுழைந்தாற்போல் ஆடாமல் நின்றது.

கால் சுற்று.

"அம்மா பக்கத்துலதான் இருக்கேன், பட்டு..."

அரைச் சுற்று.

முக்கால் சுற்றைக் கடந்ததும் மோட்டாருக்குள் கேட்ட அந்த இன்னொரு முனகல் தேயத் தொடங்கியது. அதில் வலி இல்லை. எடுத்த வேலை சரியாக முடியப்போகிறது என்று அறிந்தவரின் நிதானம் இருந்தது. சுற்றுத் தொடங்கிய இடமான வாயிற்படி நெருங்கியது. இன்னும் நான்கடி.

தாயின் முகம் மாறியது.

"நிறுத்துங்க!"

"இதோ, இன்னும் கொஞ்சம்தாம்மா..."

"வேணாம்ணே! முடிக்காதீங்க! முடிஞ்சா போயிடுவா!"

யோசிக்கும் முன்னரே அவர் கை கைப்பிடியை இழுத்துவிட்டது. வாயிற்படிக்கு இரண்டடி முன்னால் ராட்டினம் நின்றது. மோட்டார் அடங்கியது.

மற்றது அடங்க ஒரு கணம் கூடுதலாயிற்று.

தாய் குதித்து இறங்கினாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். வலது மணிக்கட்டை இடக்கையால் இறுகப் பொத்தியிருந்தாள்.

"அடிபட்டுடுச்சாம்மா?"

"கோவம்ணே, அவளுக்கு. சரியான கோவம்." கையை மெல்ல விலக்கி, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் நீட்டினாள்.

மணிக்கட்டில் பால்பற்களின் தடம் சிவந்து பதிந்திருந்தது. முன்பல் ஒன்று விழுந்த இடைவெளியுடன். எச்சில் இன்னும் காயவில்லை.