பிரயோங் வீட்டில் காணாமல் போன சக்கை

செவிலி சலுவாய் சுகாதார நிலையத்தின் கதவைத் திறந்ததுமே லமாய் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"நர்ஸம்மா, எங்க வீட்டுக்காரருக்கு வயிறு கல்லு மாதிரி உப்பிக் கிடக்கு. ஓயாம வாந்தி. மருமகன் குழம்புல என்னமோ கலந்துட்டான்னு கத்துறாரு. இன்னிக்கே அவன் வெளியேறணுமாம். பொண்ணும் கூடவே பெட்டி கட்டுறா."

கிராமச் சுகாதாரத் தொண்டர் வன்னாவின் கண்கள் மின்னின. "விஷம்தான் அக்கா!" என்று செருப்பை மாட்டினாள்.

ரப்பர் கொட்டகையில், மருமகன் புதிதாக ஊற்றிவைத்திருந்த ரப்பர் பால் தட்டுகளுக்குப் பக்கத்தில், லமாயின் கணவர் பிரயோங் பலகைமேல் சுருண்டு கிடந்தார். மருமகன் தீராவுத் வாசலிலேயே நின்றான்.

"குழம்பை யார் யார் சாப்பிட்டீங்க?" என்றாள் சலுவாய்.

"எல்லாரும்தான். என் தட்டு மீனையும் மாமாதான் எடுத்துக்கிட்டாரு" என்றான் தீராவுத்.

"வெளிக்குப் போனீங்களா, மாமா?"

"அஞ்சு நாளாச்சு."

பலகையடியில் ஒரு கூடை. அதில், களைப்புத் தெரியாமலிருக்கத் தோட்ட வேலைக்காரர்கள் மெல்லும் கிரத்தோம் இலைகளிலிருந்து உருவிப் போட்ட நடுநரம்புகள், இன்னும் பச்சையாக. தரை துடைத்துவிட்டதுபோல் சுத்தம்.

"ஒரு நாளைக்கு எத்தனை இலை?"

"இருபது. முப்பது வருஷமா மெல்லுறேன். அது என்னை ஒண்ணும் பண்ணாது."

சலுவாய் திரும்பினாள். "வன்னா, இலையை எப்படி மெல்லுவாங்க?"

"நரம்பை உருவிட்டு மெல்லுவாங்க. சாறை விழுங்கிட்டுச் சக்கையைத் துப்பிடுவாங்க."

"நரம்பு இருக்கு. சக்கை எங்கே?"

வன்னா பலகையடியிலும் சாக்கடையிலும் குனிந்து தேடினாள். ஒரு துணுக்குகூட இல்லை. விஷம் என்று அவசரப்பட்டுவிட்டோமே என்று அவளுக்கு முதல்முறையாகக் கூச்சமாக இருந்தது.

பிரயோங் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் துப்பின சக்கை பால்ல விழுந்து, ரப்பர் ஷீட்டுல கறுப்புத் துணுக்கு கிடக்குன்னு, மருமகன் முன்னாடியே ரெண்டாந்தரம்னு ஒதுக்கிட்டான் ஷீட்டு வாங்குற வியாபாரி. மானம் போச்சு. அன்னிலேர்ந்து துப்புறதில்ல. வெந்நீரை ஊத்தி முழுங்கிடுவேன். நாலு மாசமா."

"முழுங்கின சக்கை உருண்டு குடலை அடைச்சிருக்கும் மாமா. எக்ஸ்ரே படம் எடுத்தாத்தான் உறுதியாகும். விஷம்னா அதே குழம்பைச் சாப்பிட்ட எல்லாரும் படுத்திருக்கணும்."

"பேதி மருந்து கொடுத்துடலாமா?" என்றாள் வன்னா.

"கூடவே கூடாது. அடைப்புள்ள குடல் கிழிஞ்சிடும். தண்ணிகூட வேணாம். உடனே பெரிய ஆஸ்பத்திரி. எத்தனை இலை, எத்தனை வருஷம், வேற என்ன மாத்திரைன்னு டாக்டர்கிட்ட ஒண்ணும் மறைக்காதீங்க. திடீர்னு நிறுத்தினா உடம்பு வலிக்கும், தூக்கம் வராது. அதையும் சொல்லுங்க, பார்த்துப்பாங்க."

தீராவுத் ஏற்கெனவே பிரயோங்கைத் தோளில் தூக்கியிருந்தான்.

அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் சலுவாயும் வன்னாவும் பார்க்கப் போனார்கள். "சக்கை உருண்டையை எடுத்தாச்சு. இன்னும் அரைநாள் போயிருந்தா குடல் வெடிச்சிருக்கும்" என்றார் டாக்டர். "யார் கூட்டிட்டு வந்தது?"

பிரயோங் சலுவாயை நோக்கிக் கைகூப்பினார். பிறகு, கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த தீராவுத்தைக் காட்டினார்.

"என் மகன்."

"நமக்கு ஏதுங்க மகன்?" என்றாள் பக்கத்தில் நின்ற லமாய்.

"நேத்துதான் கிடைச்சான். கத்தாத, எழுந்துடப் போறான்."