தொட்டால் போதும்

செவ்வாய்க் கிரக அவையின் உறுப்பினர் மாசிலாமணி காலை உணவை முடித்து, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். இனி மதியம் வரை உட்கார முடியாது. குடிமக்கள் தங்கள் வாயால் பேசினால் உறுப்பினர் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும் என்பது அங்கே சட்டம். உட்கார்ந்தால் இடுப்பில் பதித்திருக்கும் நிலைக்காட்டி அவைத்தலைவரிடம் கோள் சொல்லிவிடும். பத்தாயிரம் பேர் ஒரே கோரிக்கையைப் பேசிவிட்டால் அதை அவர் ஆதரித்தே ஆக வேண்டும். செவ்வாயின் பல நல்ல சட்டங்கள் மூட்டுவலியால் நிறைவேறியவை.

அந்த மாதம் அவைக்கு வரவிருந்தது பூமிக்கான உதவி. பூமியில் கடற்கரை ஊர்களின் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. செவ்வாயில் செய்யும் உப்புநீக்கிகள் அடுத்த கப்பலில் போகாவிட்டால் கோடைக்குள் குழந்தைகள் சாவார்கள். மக்களைப் பேசவைக்கும் பொறுப்பை அவையின் செய்தி அதிகாரி குழல்மொழியிடம் கொடுத்திருந்தார்கள்.

போயும் போயும் அவளிடமா கொடுப்பார்கள்! முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன் ஊரை மூடியிருந்த காற்றுக்கூரை விரிசல் விட்டபோது, பூமிக்குக் கெஞ்சிக் கெஞ்சிச் செய்தி அனுப்பியவள் அவள்தான். பழுதுபார்க்கும் கப்பல் வரவே இல்லை. தம்பி கதிரொளி அவள் மடியில் மூச்சுத் திணறிச் செத்தான். எங்களுக்காக ஒருத்தன்கூட வாய் திறக்கவில்லையே என்று அன்று கடித்த பல்லை அவள் இன்னும் தளர்த்தவில்லை.

அவள் பழிவாங்கிய விதம் பார்க்க மிக அழகாக இருந்தது. எல்லாருடைய உள்ளங்கைத் திரைக்கும் ஒரு நீல உருண்டையை அனுப்பினாள். 'தொட்டால் போதும், உங்கள் உறுப்பினருக்குச் செய்தி போய்விடும்.' தொட்டதும் உருண்டையிலிருந்து ஒரு பூ விழும். இதில் பொய் எதுவும் இல்லை, செய்தி போகத்தான் செய்தது. ஆனால் விரல் செய்திக்கு உறுப்பினர் நிற்க வேண்டியதில்லை, படிக்கவும் வேண்டியதில்லை. நன்றிக் கடிதத்தை எந்திரமே அனுப்பிவிடும். ஒரே வாரத்தில் தொண்ணூறு லட்சம் பேர் தொட்டார்கள். வாயால் பேசியவர்கள் நாற்பது பேர். மாசிலாமணி பத்து வருடங்களில் முதல்முறையாகக் காலை வேளையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் பூமியின் தூதர் தேவசகாயம் கைகூப்பியபடி அவள் அலுவலகத்துக்கு வந்தார். தூத்துக்குடிக்காரர்.

"தொண்ணூறு லட்சம் பேரும்மா! ஊருக்குச் சொல்லிட்டேன். பொம்பளையெல்லாம் சந்தோசத்துல அழுறாவ."

இந்த நிமிடத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள். உருண்டையின் சூட்சுமத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். "நாளைக்கு உங்களுக்காக ஒரு கைகூட உயராது. என் தம்பி மூச்சுக்குத் தவிச்சப்ப நீங்க எல்லாரும் சும்மாதானே இருந்தீங்க? இப்ப உங்க புள்ளைங்க தவிக்கட்டும்."

தூதர் கூப்பிய கைகளை இறக்கினார்.

"சும்மா இருக்கலம்மா. நான் அப்போ அஞ்சாப்பு. எல்லார் போன்லயும் ஒரு செவப்பு உருண்ட வந்துச்சு. தொட்டோம். முப்பது கோடி பேரு தொட்டிருக்கோம்னு டீச்சர் முட்டாயி குடுத்தாவ. இங்க வந்து அந்தக் கல்லறைகளப் பாக்குற வரைக்கும், உங்கள காப்பாத்திட்டோம்னுதான் நெனச்சிட்டிருந்தேன். எங்க ஊர்ல இன்னிக்கும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்காவ."

முப்பத்து மூன்று வருடம் ஊட்டி வளர்த்த வன்மத்தை யார்மேல் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மிட்டாய் தின்ற பிள்ளைகள் மேலா?

முதலில் தானே உறுப்பினரை அழைத்துப் பேசினாள். மாசிலாமணி முனகிக்கொண்டே எழுந்து நின்றார். பிறகு தெருவில் இறங்கி ஓடி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அங்கயற்கண்ணி அக்கா, உறுப்பினர்கிட்ட அஞ்சே நிமிஷம் பேசுங்க. அங்க குழந்தைங்க சாகப்போகுது. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

அங்கயற்கண்ணி சிரித்த முகத்துடன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"அதான் போன வாரமே தொட்டுட்டேனேம்மா! பூகூட விழுந்துச்சு."